ஊரைக் கேட்டீர்களா?

“ஜனங்களுக்கு என்ன தெரியும்? எது புதிதாக வந்தாலும் கூச்சல் போடுவார்கள். அவர்களைக் கேட்டுக்கொண்டிருந்தால் ஒரு காரியமும் நடக்காது!”

மேல்மாடியில் அமர்ந்து திட்டம் தீட்டுகிறவர்கள் அடிக்கடி சொல்லும் சொல் இது. நிலக்கரியும் எண்ணெயும் எரிந்து, கரியமில வாயு வானத்தில் ஏறி, பூமி சூடேறிக்கொண்டிருக்கிறது. அந்தப் புகையைக் குறைக்கப் புதுப்புது வழிகள் வருகின்றன. காற்றாலை வருகிறது. சூரிய ஒளியில் மின்சாரம் வருகிறது. வீட்டு அடுப்புக்கு ஹைட்ரஜன் வாயு வருகிறது. ஆலைப் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்துப் பூமிக்கடியில் புதைக்கும் வித்தையும் வருகிறது. சில ஊர்கள் இவற்றை வரவேற்கின்றன. சில ஊர்கள், “எங்களிடம் வேண்டாம்” என்று கதவை அடைக்கின்றன. அடைத்த ஊர்களைக் காட்டித்தான் மேல்மாடிக்காரர்கள், “பார்த்தீர்களா, அறியாமை!” என்கிறார்கள்.

அறியாமைதானா? அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

தோழர்களே! இது நமக்குச் சம்பந்தமில்லாத வழக்கு என்று எண்ணிவிடாதீர்கள். வெயில் ஏறினால் குளிர்சாதன அறையில் இருப்பவருக்கு மின்சார பில் சற்றே ஏறும், அவ்வளவுதான். கொத்தனாருக்கும் சித்தாளுக்கும், சாலை போடுகிறவருக்கும் மூட்டை தூக்குகிறவருக்கும் அது உடம்பில் ஏறும். அன்றைய கூலியைக் குறைக்கும். ஆகவே புகை குறையவேண்டும் என்பதில் நமக்கு இரண்டு கருத்து இல்லை. அதைக் குறைக்க வருகிறவர்கள் ஊரை எப்படி நடத்துகிறார்கள் என்பதில்தான் நமக்குக் கேள்வி இருக்கிறது. ஊரைச் சரியாக நடத்தாவிட்டால் புகையும் குறையாது, ஊரும் கெடும்.

மூன்று இடத்துக் கதையைச் சொல்லுகிறோம். மூன்றும் ஐரோப்பாக் கண்டத்தில் உள்ளவை. எழுதப் படிக்கத் தெரியாதவர்களைத் தேடித்தான் பிடிக்கவேண்டும் என்ற நிலையில் உள்ள நாடுகள். ஆகவே “படிக்காத ஜனங்கள்” என்ற சாக்கு அங்கே செல்லாது.

முதல் கதை ஹாலந்து தேசத்துக் கதை. ராட்டர்டாம் துறைமுகத்துக்குப் பக்கத்தில் பாரன்ட்ரெக்ட் என்று ஓர் ஊர். ஜனத்தொகை அரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. அதற்கு அருகே பெர்னிஸ் என்னுமிடத்தில் ஷெல் கம்பெனியின் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை இருக்கிறது. அங்கே ஹைட்ரஜன் தயாரிக்கும்போது கரியமில வாயு வெளிவருகிறது. பாரன்ட்ரெக்ட் ஊருக்கு அடியிலோ, எரிவாயு எடுத்துத் தீர்ந்துபோன பாறைப் படுகைகள் இரண்டு உண்டு. ஒன்று ஏறக்குறைய 1,700 மீட்டர் ஆழத்தில். மற்றது ஏறக்குறைய 2,700 மீட்டர் ஆழத்தில். ஆலையின் கரியமில வாயுவைக் குழாய் வழியே கொண்டுவந்து, அந்தப் படுகைகளில் மொத்தம் 1 கோடி டன் அளவுக்கு அடைத்துவிடலாம் என்பது திட்டம்.

இடம் பார்த்தாயிற்று; கணக்குப் போட்டாயிற்று; சர்க்கார் மானியத்துக்கும் வழி செய்தாயிற்று. பிறகுதான், 2008 பிப்ரவரியில், ஊரைக் கூட்டி விஷயத்தைச் சொன்னார்கள்.

ஊரார் கேட்டார்கள்: “எங்கள் வீட்டுக்கு அடியிலா? ஏன் எங்கள் ஊர்? கசிந்தால் என்ன ஆகும்? வீட்டு விலை விழுந்தால் யார் ஈடு கொடுப்பது?”

இவை முட்டாள்தனமான கேள்விகளா? கரியமில வாயு காற்றைவிடக் கனமானது. பள்ளத்தில் தேங்கினால் மூச்சை அடைக்கும். 1986-ல் ஆப்பிரிக்காவில் காமரூன் நாட்டின் நியோஸ் ஏரியிலிருந்து இயற்கையாகவே அது பொங்கி வெளிவந்து, 1,700-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அது எரிமலைப் பகுதி ஏரி. இது பாறைக்கடியில் உள்ள படுகை. இரண்டும் ஒன்றல்ல என்று நிபுணர்கள் விளக்கினார்கள். எரிவாயுவை லட்சக்கணக்கான ஆண்டுகள் அடக்கிவைத்த பாறை, இதையும் அடக்கிவைக்கும் என்றார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. நிபுணர்களை நாம் குறை சொல்லவில்லை.

ஆனால் ஊர் கேட்டது பாறையைப் பற்றி மட்டுமா? “லாபம் கம்பெனிக்கு, பெயர் சர்க்காருக்கு, பயம் எங்களுக்கா?” என்பதல்லவா அடியில் இருந்த கேள்வி? அதற்கு எந்த நிபுணர் பதில் சொல்லமுடியும்? பாறையைச் சோதிக்க இயந்திரம் உண்டு. நம்பிக்கையைச் சோதிக்க இயந்திரம் உண்டா?

நகராட்சி மன்றம் எதிர்த்தது. எதிர்ப்பைத் தள்ளிவிட்டு, 2009 நவம்பரில் சர்க்கார் அனுமதி கொடுத்தது. அடுத்த மாதம் மந்திரிமார் இருவர் ஊருக்கு நேரில் வந்து சமாதானம் சொல்லப் பார்த்தனர். கூட்டத்தின் கோபத்தைத்தான் பார்த்துவிட்டுப் போனார்கள். 2010 நவம்பரில் புது மந்திரிசபை திட்டத்தையே கைவிட்டது. காலதாமதம் ஆகிவிட்டது, ஊரில் ஆதரவே இல்லை — இவையே அவர்கள் சொன்ன காரணங்கள். அடுத்த ஆண்டு, நிலத்துக்கடியில் எங்குமே புதைப்பதில்லை என்று அறிவித்தார்கள்.

ராட்டர்டாம் ஆலைகளின் கரியமில வாயுவுக்கு வேறு இடம் தேடவேண்டியதாயிற்று. கரையிலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தள்ளி, வடகடலுக்கு அடியில் புதைப்பது என்று 2023 அக்டோபரில்தான் முடிவாயிற்று. போர்த்தோஸ் என்று அந்தத் திட்டத்துக்குப் பெயர். 2024-ல் வேலை தொடங்கினார்கள். 2008 எங்கே, 2024 எங்கே? பதினாறு ஆண்டுகள்! “ஊரைக் கேட்டால் காலதாமதம் ஆகும்” என்கிறார்களே, ஊரைக் கேட்காததால் ஆன தாமதத்தை யார் கணக்குப் பார்த்தது?

இரண்டாவது கதை இங்கிலாந்தில். எல்ஸ்மியர் போர்ட் என்பது தொழிலாளர் வாழும் ஊர். பக்கத்தில் ஸ்டான்லோ எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை. மோட்டார் தொழிற்சாலையும் உண்டு. அந்த ஊரின் விட்பி என்ற பகுதியில் ஏறக்குறைய 2,000 வீடுகள். அங்கே குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கவும் சமைக்கவும் குழாயில் எரிவாயு வருகிறது. அந்தக் குழாயில் எரிவாயுவுக்குப் பதில் ஹைட்ரஜனை விட்டுப் பார்ப்பது என்று தீர்மானித்தார்கள். ஹைட்ரஜன் எரிந்தால் தண்ணீராகத்தான் போகும். கரியமில வாயு வராது. 2025-ல் சோதனை தொடங்குவதாக ஏற்பாடு. புது கொதிகலனும் புது அடுப்பும் இலவசம் என்று குழாய்க் கம்பெனி சொல்லிற்று.

இலவசம் என்றதும் ஜனங்கள் கைதட்டியிருக்கவேண்டும் அல்லவா? தட்டவில்லை. “எனக்குப் பழைய எரிவாயுவே போதும் என்று நான் சொன்னால்?” என்று கேட்டார்கள். அதற்கு இடமில்லை. ஹைட்ரஜன், இல்லாவிட்டால் மின்சாரம்; இரண்டில் ஒன்றுக்கு மாறித்தான் ஆகவேண்டும். “சோதனை முடிந்தபிறகு என்ன? ஹைட்ரஜன் விலை ஏறினால் யார் கட்டுவது? மற்ற ஊர்களில் இல்லாத சோதனை எங்கள் குழந்தைகள் தூங்கும் வீட்டில் எதற்கு?” என்று கேட்டார்கள். “நாங்கள் என்ன, சோதனைச்சாலை எலிகளா?” என்றார்கள்.

அவர்கள் கேள்வி கேட்பதோடு நிற்கவில்லை, படிக்கத் தொடங்கினார்கள். அந்த ஹைட்ரஜனே எரிவாயுவிலிருந்துதான் தயாராகப் போகிறது என்று கண்டார்கள். மின்சாரத்தைக் கொண்டு ஹைட்ரஜன் செய்து, பிறகு அதை எரித்து வீட்டைச் சூடாக்குவதைவிட, அந்த மின்சாரத்தில் நேராக வெப்ப பம்பை ஓட்டினால் பல மடங்கு சிக்கனம் என்று விஞ்ஞானிகளே எழுதியிருப்பதையும் கண்டார்கள். எலி என்று நினைத்து வந்தவர்களுக்கு எதிரே ஆசிரியர்கள் நின்றார்கள்!

2023 ஜூலையில், ஊரில் போதிய ஆதரவு இல்லை என்று கூறி, பிரிட்டிஷ் சர்க்கார் விட்பி திட்டத்தைக் கைவிட்டது. ரெட்கார் என்ற மற்றோர் ஊர் அடுத்த தேர்வாக இருந்தது. போதுமான ஹைட்ரஜனே கிடைக்காது என்று அதையும் அந்த டிசம்பரிலேயே கைவிட்டார்கள். இருக்காத சரக்கை இலவசமாகத் தருவதாகச் சொல்லியிருந்தார்கள்! சந்தேகப்பட்ட ஜனங்கள் அறியாதவர்களா, சந்தேகப்படாமல் திட்டம் தீட்டியவர்கள் அறியாதவர்களா?

இத்தோடு நிறுத்திவிட்டால், “ஜனங்கள் எதையும் மறிப்பார்கள் என்று நீங்களே ஒப்புக்கொண்டீர்கள்” என்பார்கள். ஆகவே மூன்றாவது கதையையும் கேளுங்கள். இது டென்மார்க் தேசத்துக் கதை.

காற்றில் சுழலும் இறக்கையைக் கொண்டு மின்சாரம் செய்யும் வேலையை அங்கே 1891-லேயே தொடங்கியவர் பால் லா கூர் என்ற ஆசிரியர். அஸ்கோவ் என்ற கிராமத்தில், குடியானவர் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் அவர் அதைச் செய்தார். அவரிடம் பயின்ற யோஹானஸ் யூல், 1957-ல் கெட்சர் என்ற ஊரில் மூன்று இறக்கை கொண்ட 200 கிலோவாட் காற்றாலையை நிறுத்தினார். 1967 வரை அது ஓடிற்று. 1970-களில் எண்ணெய் விலை தாறுமாறாக ஏறியபோது, கிறிஸ்டியன் ரீசாகர் என்ற தச்சர் தாமே காற்றாலை செய்தார். ஹென்ரிக் ஸ்டீஸ்டால் என்ற இளைஞரும் கார்ல் எரிக் யோர்கன்சன் என்ற கொல்லரும் சேர்ந்து செய்த காற்றாலையின் உரிமையை 1979-ல் வெஸ்டாஸ் கம்பெனி வாங்கிற்று. இன்று உலகமெங்கும் பெயர் பெற்ற கம்பெனி அது. தச்சரும் கொல்லரும் பட்டறையில் வைத்துத் தட்டிச் செய்த பொருள் அது, தோழர்களே! தங்கள் ஊர்க் கொல்லர் செய்ததைக் கண்டு யாருக்குப் பயம் வரும்?

அந்த நாட்டில் சாம்சோ என்று ஒரு தீவு. பரப்பு 114 சதுர கிலோமீட்டர். ஜனங்கள் நாலாயிரத்துக்குள். உருளைக்கிழங்கும் காய்கறியும் பயிரிடும் குடியானவர்கள். 1997-ல் டென்மார்க் சர்க்கார் ஒரு போட்டி வைத்தது: எந்தத் தீவு தன் சக்தித் தேவை முழுவதையும் காற்று, வெயில், வைக்கோல் போன்றவற்றிலிருந்தே தேடிக்கொள்ளும் என்று. சாம்சோ வென்றது. வென்றதற்குப் பரிசுப்பணம் மூட்டையாக வரவில்லை. வேலையை ஊரேதான் செய்யவேண்டும்.

ஊர் உடனே குதித்தெழுந்துவிட்டது என்று எண்ணாதீர்கள். அங்கேயும் முணுமுணுப்புத்தான். “காற்றாலை சத்தம் போடும், கடலழகு கெடும், யாருக்கு இதெல்லாம்?” என்றார்கள். தீவிலிருந்த இறைச்சிக்கூடம் மூடப்பட்டு, வேலை போனவர்கள் கவலையில் இருந்த நேரம் அது. சோரன் ஹெர்மன்சன் என்பவர் அந்தத் தீவிலேயே பிறந்த குடியானவர் மகன், ஆசிரியர். அவர் ஒவ்வொரு கூட்டமாகப் போனார். காபி வைத்துப் பேசினார். ஊரில் யார் சொன்னால் நாலுபேர் கேட்பார்களோ அவர்களோடு முதலில் பேசினார். “இதனால் உலகத்துக்கு நன்மை” என்று மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. “இதில் உனக்கு என்ன பங்கு வேண்டும்?” என்று கேட்டார்.

அந்தக் கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது.

2000-ம் ஆண்டில் தீவின் நிலத்தில் 11 காற்றாலைகள் எழுந்தன. 9 குடியானவர்களுடையவை. 2 கூட்டுறவுக்குச் சொந்தம். ஏறக்குறைய 450 பேர் சிறு பங்கு வாங்கினார்கள். கடலில் 10 பெரிய காற்றாலைகள் நட்டார்கள். அவற்றில் 5 நகராட்சிக்கே சொந்தம். 3 குடியானவர்களுக்கு. 2 சிறு பங்குதாரர்களுக்கு. வைக்கோலை எரித்து வெந்நீர் காய்ச்சி, குழாய் வழியே வீடுகளைச் சூடாக்கும் நிலையங்களையும் கட்டினார்கள். பத்தாண்டுக்குள், தான் செலவிடும் மின்சாரத்தைவிட அதிகமாகச் செய்து, மிச்சத்தைக் கடலடிக் கம்பி வழியே வெளியே அனுப்பும் தீவாயிற்று சாம்சோ.

சத்தம் நின்றுவிட்டதா? நிற்கவில்லை. இறக்கை சுழலாமல் போயிற்றா? சுழன்றுகொண்டுதான் இருக்கிறது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு! அடுத்தவன் காற்றாலை போடும் சத்தம் தூக்கத்தைக் கெடுக்கும். தன் காற்றாலை போடும் சத்தம் காசு எண்ணும் சத்தம். இது மனித சுபாவம். இதை அறிந்தவர்கள் வென்றார்கள், அறியாதவர்கள் தோற்றார்கள்.

“சின்னத் தீவில் நடக்கும், பெரிய நகரத்தில் நடக்குமா?” என்று கேட்கலாம். கோப்பன்ஹேகன் டென்மார்க்கின் தலைநகரம். அதன் கரைக்கு எதிரே, மிடல்குருண்டன் என்ற கடல்மேட்டில் 2000-ம் ஆண்டு 20 காற்றாலைகள் நட்டார்கள். மொத்தம் 40 மெகாவாட். முதல் வரைபடத்தில் 27 காற்றாலைகள், மூன்று வரிசையாக இருந்தன. 1997-ல் அந்தப் படத்தை ஜனங்கள் முன் வைத்தார்கள். “கண்ணை உறுத்துகிறது” என்றார்கள் ஜனங்கள். வரைபடத்தைத் திருத்தினார்கள். 27, 20 ஆயிற்று. மூன்று வரிசை, வில்போல வளைந்த ஒரே வரிசையாயிற்று. பாதி காற்றாலைகள் நகரத்து மின்சார ஸ்தாபனத்துக்கு. பாதி கூட்டுறவுச் சங்கத்துக்கு. ஆண்டுக்கு 1,000 யூனிட் மின்சாரத்துக்கு ஒரு பங்கு என்று 40,500 பங்குகள். 8,500-க்கும் மேற்பட்டவர்கள் வாங்கினார்கள். படத்தைத் திருத்தியதால் நகரம் கெட்டுவிட்டதா? மாறாக, காற்றாலை கண்ணில் படும் நகரத்தில் ஆயிரக்கணக்கானோர், “அதில் என்னுடையதும் உண்டு” என்று கைகாட்டும் நிலை வந்தது.

டென்மார்க் சொர்க்கம் என்று நாம் சொல்ல வரவில்லை. காலம் போகப்போக அங்கேயும் காற்றாலை வானளாவ வளர்ந்தது. முதலீடு பெரிய கம்பெனிகளிடம் போயிற்று. கூட்டுறவுக்காரர்கள் பின்னுக்குப் போனார்கள். உடனே என்ன ஆயிற்று? எதிர்ப்பு தலைதூக்கிற்று! அதே ஜனங்கள், அதே காற்று. மாறியது பட்டாவில் உள்ள பெயர் மட்டுமே. சர்க்கார் விழித்துக்கொண்டு, 2009-ல் ஒரு சட்டம் செய்தது: புதிய காற்றாலையில் குறைந்தது 20 சதவீதப் பங்கை, 4.5 கிலோமீட்டருக்குள் வாழ்வோருக்கு முதலில் வாங்கக் கொடுக்கவேண்டும் என்று. 2020-ல் அந்தப் பங்குரிமையை எடுத்துவிட்டு, அண்டை வீட்டாருக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். பங்குதாரராக இருப்பது வேறு, படி வாங்குகிறவராக இருப்பது வேறு என்பது நம் கருத்து.

இந்த டென்மார்க் கதைக்கும் நம் ஊருக்கும் ஓர் உறவு உண்டு. 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் டென்மார்க் சர்க்காரின் உதவியோடு கயத்தாறிலும் முப்பந்தலிலும் காற்றாலைகள் நடப்பட்டன. கொல்லரும் தச்சரும் தொடங்கிவைத்த அந்த இயந்திரம் நம் கணவாய்க் காற்றுக்கும் சுழன்றது. இன்று தமிழ்நாட்டில் பத்தாயிரம் மெகாவாட்டுக்கு மேல் காற்றாலை நிற்கிறது. பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் இயந்திரம் வந்ததே, கூட்டுறவு கூட வந்ததா? 1990-களில் இந்திய சர்க்கார் கொடுத்தது வருமான வரிச் சலுகை. காற்றாலை வாங்கினால், அதன் விலை முழுவதையும் முதல் ஆண்டிலேயே தேய்மானமாகக் கழித்துக்கொள்ளலாம் என்றார்கள். வரி கட்டும் அளவுக்கு லாபம் உள்ளவனுக்குத்தானே அந்தச் சலுகை? பஞ்சாலை முதலாளிகளும் சிமெண்ட் கம்பெனிகளும் வந்து நட்டார்கள். இறக்கைக்குக் கீழே ஆடு மேய்க்கிறவரிடம், “உனக்கு எத்தனை பங்கு?” என்று கேட்டுப் பாருங்கள். அவர் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்குப் பொருள் தெரியாதவர்கள்தான், நாளை அவர் மறியலுக்கு வந்து நின்றால், “அறியாமை” என்பார்கள்.

ஆகவே தோழர்களே, புதிய சக்தித் திட்டம் ஒன்று உங்கள் ஊருக்கு வருகிறது என்று கேள்விப்பட்டால் நீங்கள் என்ன செய்யவேண்டும்?

வதந்தியைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். “குழாய் வெடிக்கும், ஊர் சாகும்” என்று தெரியாததைத் தெரிந்ததுபோல் மேடையில் முழங்காதீர்கள். ஜனங்களின் பயத்தைக் காசாக்குவது நம் தொழில் அல்ல. அதேபோல, கம்பெனிக்காரர் கொடுத்த அச்சுத் தாளை வாங்கி வீடுவீடாகப் போடும் வேலையும் நமக்கு வேண்டாம். நிபுணரை ஊருக்கு அழையுங்கள், கேள்வி கேளுங்கள், பதிலை எழுதி வாங்குங்கள். விட்பி ஜனங்களைப்போல் உட்கார்ந்து படியுங்கள்.

பிறகு, வந்தவர்களிடம் சில கேள்விகளைக் கேளுங்கள். எங்களிடம் வருவதற்கு முன்பே தீர்மானித்துவிட்டீர்களா, தீர்மானிக்க வந்திருக்கிறீர்களா? படத்தைத் திருத்தச் சொன்னால் திருத்துவீர்களா? “வேண்டாம்” என்று சொல்லும் உரிமை எங்களுக்கு உண்டா? கெடுதல் வந்தால் யார் பொறுப்பு? லாபம் வந்தால் அதில் ஊருக்கு எத்தனை பங்கு?

இந்தக் கேள்விகளுக்கு நேர்மையான பதில் வருமானால், கதவைத் திறந்துவிடுங்கள். நீங்களே முன்னின்று குழி தோண்டுங்கள், கம்பம் நடுங்கள். புகை குறைவது நம் பிள்ளைகளுக்கு நல்லது. பதில் வராவிட்டால், கதவு அடைந்தே இருக்கட்டும். அதை அறியாமை என்று யாராவது சொன்னால், பாரன்ட்ரெக்ட் ஊரில் போன பதினாறு ஆண்டை அவர்களுக்கு எண்ணிக் காட்டுங்கள்.

ஜனங்கள் விஞ்ஞானத்தை வெறுப்பதில்லை. தங்களைக் கேளாமல் தங்கள் தலையில் வைக்கப்படுவதைத்தான் வெறுக்கிறார்கள். காற்று ஒருவர் வீட்டுச் சொத்தல்ல. வெயிலுக்கு யாரும் பட்டா போட்டதில்லை. பொதுவான காற்றிலும் பொதுவான வெயிலிலும் செய்த மின்சாரம் மட்டும் சிலருக்கே சொந்தம் என்றால், ஊர் கேள்வி கேட்காமல் இருக்குமா? கேட்கட்டும். கேட்கிற ஊர்தான் பிறகு காப்பாற்றுகிற ஊராகவும் இருக்கும்.